இருபத்தாறு

வீடியோவில் அந்தப் பையன்
பழைய பெட்டியைக் கழற்றுகிறான்.
உள்ளே ஐந்தே வயர்,
பள்ளிக்கூட வரிசைபோல நிற்கின்றன.
இவ்வளவுதான் என்கிறான்.

என் சுவரில் ஒன்பது.
நான்கு சிவப்பு.
ஒன்றுக்கு நிறமே இல்லை, பெயிண்ட் அடித்தவன்
சுவரோடு அதையும் வெள்ளையாக்கிவிட்டான்.
இன்னொன்றில் டேப் சுற்றி
யாரோ சீனத்தில் எழுதியிருக்கிறார்கள்.
படம் பிடித்துக் கீழே டயர்க்கடைத் தவுக்கேயிடம் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உற்றுப் பார்த்து,
"தொடாதே என்று போட்டிருக்கு" என்றார்.

லாபிஸ் டவுன், கடைவீட்டு மூன்றாம் மாடி.
முன்பு டியூஷன் சென்டர். அதற்குமுன் பல் டாக்டர்.
அதற்கும் முன் என்னவென்று வீட்டுக்காரருக்கே தெரியாது.
நடுவில் பலகை அடித்து
ஒரு மாடியை இரண்டு வாடகையாக்கியவர்
சுவருக்குள் ஓடுவதைப் பிரிக்கவில்லை.

தவநேசனுக்கு ஆலையில் இரவு ஷிப்ட்.
செம்பனை எண்ணெய் வாடையோடு ஏழேகாலுக்கு வருவான்,
பசியாறிவிட்டுப் படுப்பான்.
பன்னிரண்டு மணிக்குத் தகரக்கூரை காய்ந்து
தலையணை நனைந்து எழுந்து உட்காருவான்.
பழைய ஏர்கோனுக்குத் தெரிந்தது இரண்டுதான்:
ஐஸ், இல்லையென்றால் சும்மா சத்தம்.
அதற்காகத்தான் இந்தப் புதுப் பெட்டி.
தள்ளுபடியில் நூற்றெண்பது வெள்ளி.
நாம் தூங்குவதைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளுமாம்.

மெயினை அணைத்தேன்.
ஃபேன் நின்றது. பிரிட்ஜ் ஒரு மூச்சு விட்டு அடங்கியது.
டெஸ்ட் பேனாவை வைத்தால்
மூன்றாவது சிவப்பில் விளக்கு எரிகிறது.
ஓடிப்போய்ப் பார்த்தேன். மெயின் அணைந்துதான் இருக்கிறது.
திரும்ப வைத்தேன். எரிகிறது.

ஸ்க்ரூடிரைவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு
பக்கத்து வீட்டைத் தட்டினேன்.
கக் நோராயினி முழங்கைவரை மாவோடு வந்தார்.
ஆயிரம் கறிப்பாப், ஒரு கல்யாணத்துக்கு.
ஒரு நிமிஷம் உங்கள் மெயினை, என்றேன்.
அவர் அணைத்தார்.
என் சுவரில் விளக்கு செத்தது.

ஆறு வருஷம்.
எங்கள் குளிர் முழுக்க அவருடைய மீட்டரில்.
மனசு கணக்குப் போடத் தொடங்கியது, நிறுத்த முடியவில்லை.
அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது.
"ஓவன்தான் திங்குதுன்னு நெனச்சேன்" என்றார் மலாயில்,
"நல்ல ஓவன். வித்துட்டேன்."

டார்ச்சை அவர் பிடித்தார். நான் முடுக்கினேன்.
அவர் விரல் மாவு இன்னும் அந்தப் பெட்டியின் ஓரத்தில் இருக்கிறது.

வயர்மேன் தீபாவளிக்குப் பிறகுதான் என்றான்.
நீட்டிய பணத்தில் பாதியை எண்ணாமல் எடுத்துக்கொண்டார்.
மீதிக்கு ஒரு நிபந்தனை:
வயரை மாற்றுகிறவரை இருபத்தாறு.
அதற்குக் கீழே இறங்கக் கூடாது.
தன் போனிலும் அந்த ஆப்பை ஏற்றச் சொன்னார்.
பில் கட்டுகிறவர் சொல்வதுதானே டிகிரி.

தவநேசன் முனகினான்.
"யார் வீட்டில் தூங்குகிறேன் நான்?"
பதில் என்னிடமும் இல்லை.

தீபாவளி போய்விட்டது.
வயர்மேன் வரவில்லை,
நானும் அப்படியொன்றும் கூப்பிடவில்லை.

நேற்று மழை கறுத்து வந்து ஏமாற்றிய மத்தியானம்.
கீழே குலை ஏற்றிய லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகிப் போயின.
கட்டிலில் புரண்டுகொண்டே இருந்தான்.
பலகைக்கு அப்பாலும் கேட்டிருக்கும்.

சுவரில் இருபத்தாறு.
நான் தொடவில்லை, சத்தியமாக.
இருபத்தைந்து ஆனது.

அந்தப் பக்கம் மாவு உருட்டும் சத்தம் நின்றது.
இருபத்துநான்கு.

தவநேசன் தூக்கத்திலேயே
காலால் போர்வையைத் தேடினான்.