கோடு

தட்டாதெருச் சந்தியில்
வெள்ளைக் கோட்டில் முன்சில்லு ஏறிவிட்டது.
அரைச் சாண்தான்.
"அளந்து பாக்கிறியளோ?" என்றேன்.
கொன்ஸ்தாபிள் சிரிக்கவில்லை;
லைசென்ஸை வாங்கித் தாள் எழுதினார்,
என் பெயரில் ஒரு கொம்பை விட்டுவிட்டு.

பதினாலு நாளைக்குள் தபால் கந்தோரில் கட்டவேணும்.
பிந்தினால் இரட்டி.
இன்னும் பிந்தினால் கோடு;
அதற்கொரு கறுப்புக் கோட்டும் பிடிக்கவேணும்.

அதுவரை
பொலிஸ் லாச்சிக்குள் என் முகம்
ஆர் ஆருடைய முகங்களோடோ
றப்பர் பாண்ட் போட்டுக் கிடக்கும்.

இன்று பதின்மூன்று.
வரிசையில் எனக்கு முன்னால்
சாதாரணச் சேட்டுடன் அதே கொன்ஸ்தாபிள்,
ஊருக்குக் காசு அனுப்ப.
கவுண்டரடி மஞ்சள் கோட்டுக்கு அங்கால்
அவருடைய செருப்பு நுனி.

நான் அளக்கவில்லை.
பேனை கேட்டார்,
கொடுத்தேன்.