ஆறு பேருக்கான லிஃப்ட்

லிஃப்ட் சுவரில் எழுதியிருக்கிறது:
ஆறு பேர், நானூற்றைம்பது கிலோ.
ஜெபநேசன் ஏறினால்
ஒருவர்.

நாங்கள் சாவியை மறந்தவர்கள் ஆகிறோம்,
வெறும் தபால்பெட்டியைத் துழாவுகிறோம்.
"நீங்கள் போங்கோ, நான் ஒராளைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."
அவர் தலையசைத்து நாலை அமத்துகிறார்.

அவருடைய வீடு நாலாம் மாடி.
கொழும்புத் தமிழனிடம் நாலாம் மாடி என்றால்
வேறு கட்டடம் ஒன்று ஞாபகம் வரும்.
அங்கேயும் இருந்துவிட்டுத்தான் வந்தார்,
பத்தொன்பது நாள்.

செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதினார்.
கூட வேலைசெய்த பெடியன், விமலதாசன்,
ஒரு திங்கட்கிழமை காலை
கடையின் பின்னறையில் செத்துக் கிடந்தான்.
பின்னறைச் சாவி இரண்டு பேரிடம் இருந்தது.
ஒருவன் செத்தவன்.

அன்றிரவு தொலைக்காட்சியில்
எங்கள் படிக்கட்டு வந்தது, எங்கள் செருப்புகள் வந்தன.
முகத்தைச் சேர்ட்டால் மூடிக்கொண்டு அவர் இறங்கினார்.
செய்யாதவன் ஏன் மூடுகிறான் என்றேன்.
மூடாமல் இறங்கியிருந்தால்
என்ன துணிச்சல் பார் என்றிருப்பேன்.

வாசலில் ஒரு பெண் மைக்கை நீட்டினாள்.
"அமைதியான மனிசன்" என்று சொன்னேன்.
நல்லதாக நினைத்துத்தான் சொன்னேன்.
ஒன்பது மணிச் செய்தியில் அதே சொல்
லாச்சிக்குள் கிடக்கும் கத்தி மாதிரிக் கேட்டது.

மூன்று வருடம் நாலு மாதம் விளக்கமறியல்.
பதினான்கு நாளுக்கொரு தவணை.
ஸ்டெலா சோற்றுப் பார்சலோடு வெலிக்கடைக்குப் போய்வந்தாள்,
முதல் வருடம் லிஃப்டில்,
பிறகு படியால்.
பார்சலில் முட்டை இருந்தால்
சிறைக்காவலர் பிளந்து பார்ப்பாராம்.
எங்கள் கட்டடத்தில் யாரும் எதையும் பிளந்து பார்க்கவில்லை.
முழுசாக விழுங்கினோம்.

பிறகு சட்டமா அதிபரிடமிருந்து கடிதம்:
வழக்குத் தொடரப் போதிய சான்றில்லை.
புதுக்கடையில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம்.
பெயரைக் கூப்பிட்டார்கள், போகச் சொன்னார்கள்,
அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:
"போதிய எண்டால் என்ன?
சீனி போதாது எண்டால்
கொஞ்சம் இருக்கு எண்டுதானே அர்த்தம்?"
நாங்கள் சிரித்தோம்.
அந்தக் கொஞ்சம்தான் இன்னும்
எல்லா மாடியிலும் கைமாறிக்கொண்டிருக்கிறது,
அவித்த கடலைபோல.

செய்தாரா?
எனக்குத் தெரியாது.
இதை எழுதும்போதும் தெரியாது.
ஆனால் தெரியாது என்பதை
ஒருநாளும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.
தெரிந்தவள் மாதிரியே
ஐந்து வருடம் படி ஏறியிருக்கிறேன்.

விமலதாசனின் தாய் ஒருமுறை பண்டாரவளையிலிருந்து வந்தா.
கேற்றடியில் நின்று
நாலாம் மாடி யன்னலை அண்ணாந்து பார்த்தா.
உள்ளே வரவில்லை, கத்தவில்லை, மண் அள்ளித் தூற்றவில்லை.
காவலாளியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனா.
அவவுக்கும் யாரும் எதையும் சொல்லி முடிக்கவில்லை.

போன வியாழன்.
பள்ளிக்கூட வான் முந்தி வந்துவிட்டது.
மகள் தனியே லிஃப்டுக்குள், அவரும் உள்ளே.
நான் ஏழாம் மாடியில் நின்று
மேலே எரியும் இலக்கங்களைப் பார்த்தபடி.
ஒன்று. இரண்டு. நாலில் நிற்கவில்லை.
கதவு திறந்தது, பிள்ளை மட்டும்.

கன்னத்தைப் பிடித்துக் கேட்டேன்:
என்ன சொன்னவர்? என்ன செய்தவர்?
"எத்தினையாம் மாடி எண்டு கேட்டவர்.
ஏழை அமத்திப்போட்டு இறங்கிட்டார்."

அப்போதுதான் கேட்டது, படியில் காலடி.
அறுபத்திரண்டு வயது. அரிசிப் பை உரசும் சத்தம்.
மூன்றாம் மாடியில் நின்றுவிட்டார்.
மூச்சு வாங்குவது ஏழு மட்டும் வந்தது.

லிஃப்ட் எனக்கு முன்னால் திறந்தபடி வெறுமையாக நின்றது.
உள்ளே ஏறக்கூட வேண்டாம்.
கையை மட்டும் விட்டு மூன்றை அமத்தினால்
போதும்.

கதவு தானாக மூடிக்கொண்டது.