பதினாலு சுத்து

வால்வுச் சாவி என் இடுப்பு உயரம்.
முத்தூர் ரோட்டு வால்வுக்குப் பதினாலு சுத்து.
எண்ணெய் மில்லுக்குப் பின்னால் இருப்பதற்கு ஒன்பதே சுத்து,
ஒன்பதில் ஒரு முக்கல் முக்கும்,
அதற்குமேல் திருப்பினால் கழுத்து ஒடியும்.
வாசர் போனதென்றால்
எத்தனை இறுக்கி மூடினாலும் உள்ளே கசியும்.
இதெல்லாம் கைக்குத் தெரியும்.
கைபேசிக்கு எத்தனை சுத்து என்றுதான்
ஒரு வருசமாய்ப் பிடிபடவில்லை.

வெள்ளக்கோவில் என்று பேர் வைத்துவிட்டு
பன்னிரண்டு நாளைக்கு ஒருக்கா குழாய் வருகிற ஊரில்
வெள்ளத்தைப் பற்றி நான் பேசக்கூடாது.
ஆனாலும் வருகிறது,
ராத்திரி ஒன்றே முக்காலுக்கு,
தலைமாட்டில், நீலமாய்.

வார்டு குடிநீர்க் குழுவில் இருநூற்றுப் பதினோரு பேர்.
என்னைச் சேர்த்தது கவுன்சிலர் மச்சினன்.
சேர்த்த அன்று கைகூப்பு, ரோஜாப்பூ,
"வாங்க வாங்க" என்று நாற்பது பேர்.
அது சித்திரை.
வைகாசியில் மோட்டார் எரிந்தது.

அப்புறம் வந்ததையெல்லாம் எழுதினால்
பிள்ளைகள் படிக்கிற வீடு இது.
எழுதக்கூடியதில் சிலது:
ஓட்டல்காரன்கிட்டக் காசு வாங்கிட்டு அக்கட்டால திருப்பிட்டான்.
சோறு திங்கறானா வேற எதாச்சும் திங்கறானா.
இவனைக் கம்பத்துல கட்டிவைக்கோணும்.
கடைசியானதற்குக் கீழே பதினெட்டுக் கட்டைவிரல்.
எண்ணினேன்.
எண்ணியிருக்கக் கூடாது.
அதிலொன்று என் சகலை வேலப்பனுடையது.

எங்கள் பக்கத்தில் நாயை விரட்டினாலும்
"போங்க" என்றுதான் விரட்டுவோம் என்று
வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவதுண்டு.
அந்த "ங்க" குழுவுக்குள் வருவதில்லை.
செருப்பு மாதிரி வாசலில் விட்டுவிட்டுத்தான் நுழைகிறார்கள்.
இருநூற்றுப் பதினோரு ஜோடி.
எங்கே குவிந்து கிடக்கும் அத்தனையும்?

போன வியாழக்கிழமை, மணி இரண்டரை.
மூன்றாவது சந்தில் திறந்துவிட்டுக்
குழிக்குள் காதை வைத்துக்
குழாயில் காற்று வெளியேறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
சந்து முழுக்கத் தறிச்சத்தம்.
கம்பத்தில் கட்டச் சொன்ன அர்த்தநாரி
குடத்துக்குப் பக்கத்தில் லுங்கியோடு குந்தியிருந்தார்.
அவர் கையிலும் வெளிச்சம்.
பாவு கொடுத்த ஏவாரியின் குரல்:
"என்னடா, விடியறதுக்குள்ள துணி வரலேன்னா
பணத்தை மறந்துரு."
சத்தத்தைக் குறைத்து, காதோடு ஒட்டி,
இன்னொரு தரம் கேட்டார்.
மூன்றாம் தரமும் கேட்டார்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தார். எழுந்தார்.
"ஏனுங், இந்நேரத்துல! தூங்கறதில்லீங்களா?"
"எங்கீங் தூங்கறது."
"டீ இருக்குதுங், சித்தே குடிச்சுட்டுப் போங்."
குடித்தேன். சர்க்கரை நெம்ப எச்சு.
எங்களுக்கு நடுவில் கம்பம் நின்றது,
பல்பு போன கம்பம்.
அவரும் அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.
குடம் நிறைந்து வழிந்தது.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம்.

வீட்டுக்கு வந்து கண்ணசந்தேன்.
ஐந்து நாற்பதுக்கு அதே அர்த்தநாரி, குழுவில்:
மூணாவது சந்துக்கு இருபது நிமிசந்தான் விட்டான்.

விட்டான்.

நாற்பது நிமிசம்.
அதில் ஒரு டம்ளர் அவருடைய டீ.
தட்டினேன், அழித்தேன், தட்டினேன்.
"நாற்பது நிமிசங்க" என்று வந்திருந்தது.
கடைசி எழுத்தை மட்டும் அழித்துப் பார்த்தேன்,
எப்படி இருக்கிறதென்று.
முழுசையும் அழித்துவிட்டேன்.

"அதை அமத்தி வெச்சுட்டுப் படுங்களே" என்றாள் பொன்னாத்தாள்,
திரும்பிப் படுத்தபடியே.
அமத்தினால் ஏ.ஈ. கூப்பிடுவார்.
ஆபரேட்டர் போன் எந்நேரமும் ஆனில் இருக்க வேண்டும்,
எழுத்தில் இல்லாத உத்தரவு.
நான் வேலைக்கு இருப்பதும் எழுத்தில் இல்லை.

குழுவை மட்டும் அழுத்திப் பிடித்தேன்.
எட்டு மணி நேரமா, ஒரு வாரமா, எப்போதுமா
என்று மரியாதையாகக் கேட்டது.
எட்டு மணி நேரம் நான் எப்போது தூங்கினேன்?
அதையே தொட்டேன்.
சத்தம் நின்றது.
மின்விசிறி ஒன்று வீட்டில் இருப்பது
அப்போதுதான் காதில் விழுந்தது.

பத்து நிமிசம் கழித்து எடுத்துப் பார்த்தேன்.
நாற்பத்து மூன்று.

வாசர் போயிருக்கிறது.