பக்கம் நாற்பத்தெட்டு

ஆர்னே குவுசெலா பனி வாரும் வண்டி ஓட்டுபவர்.
நூலக வாசலைத் தள்ளிச் சுத்தம் செய்துவிட்டு
அதே பூட்ஸோடு உள்ளே வந்தார்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
தலைப்பு தெரியாத கட்டுரை ஒன்று வேண்டுமாம்.

நீல அட்டை. சாலைப் பொறியாளர்களின் பத்திரிகை.
ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொட்டகையில் புரட்டியது.
"அதில் ஒரு சாலையின் படம்,
சினைப்பசு மாதிரி வயிறு புடைத்திருக்கும்."

படிவத்தில் பசுவுக்குக் கட்டம் இல்லை.
தொகுதி, இதழ், பக்கம் என்றுதான் கேட்கும்.
எல்லாவற்றிலும் கேள்விக்குறி போட்டேன்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் அவர் வீட்டு முன்
சாலை ஒரே இடத்தில் எழும்புகிறது.
மண்ணுக்குள் உறைந்த நீர் முதுகை நிமிர்த்துகிறதாம்.
ஜல்லி கொட்டினார்கள், தார் ஊற்றினார்கள்,
மூன்று நகராட்சித் தலைவர்கள் வந்து
குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.
அவர் கேட்பது ஒன்றுதான்:
ஏன் அதே இடம்?

இந்த நாட்டில் இதற்குப் பெயர் தூரக்கடன்.
கடன் அன்பை முறிக்கும் என்பதெல்லாம்
கைமாற்றுக்குச் சரி.
முகம் தெரியாத ஒருவரிடம்
யாருக்கும் நினைவில்லாத ஒன்றைக் கேட்பதில்
முறிய என்ன இருக்கிறது?

ஊலு சொன்னது: அலமாரியில் இல்லை.
ஹெல்சிங்கி சொன்னது: கட்டடத்தை விட்டு வெளியே போகாது.
பிறகு மூன்று வாரம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஆர்னே பனியைத் தள்ளினார். அது மறுபடி விழுந்தது.

கேட்டதையே நான் மறந்திருந்த ஒரு புதன்கிழமை
நார்வேயிலிருந்து ஐந்து பக்கங்கள் வந்தன.
நாற்பத்தேழாம் பக்க ஓரத்தில் ஒரு கட்டைவிரல்,
நகலெடுக்கும்போது தாளை அழுத்திப் பிடித்தது,
பிளாஸ்டர் சுற்றியது.
ஆர்னே பசுவைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார்.
"காகிதம் அறுத்திருக்கும்."

அப்புறம்தான் கவனித்தோம்,
நாற்பத்தேழுக்குப் பின் நாற்பத்தொன்பது.
'இதற்குக் காரணம்' என்று ஏறிய வாக்கியம்
எங்கேயோ இறங்கிப் போயிருந்தது.

மறுபடி எழுதினேன். ஒரு பக்கம் வரவில்லை, மன்னிக்கவும்.
'குறிப்பு' என்ற இடத்தில் இதையும் நுழைத்தேன்:
விரல் ஆறிவிட்டதா?

மறுநாளே பதில்.
ஆறிவிட்டது. இத்துடன் பக்கம் 48. தோர்டிஸ்.

முழுக்க அட்டவணை. மண் வகை, ஈரம், ஆழம்.
அடியில் இரண்டே வரியில் காரணம்.
அதன் பக்கத்தில், யாரோ, என்றோ, பென்சிலில்,
நார்வே மொழியில்:
இல்லை.

ஏன் இல்லை என்று எழுதவில்லை.
கோடு மட்டும் தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தம்.

ஆர்னே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.
அந்தச் சொல்லை மட்டும் நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.
பூட்ஸிலிருந்து உருகிய நீர்
மேசைக்கடியில் என் பக்கம் வந்துவிட்டது.
"நானும் முப்பது வருஷமாக இதைத்தான் சொல்கிறேன்.
இந்த ஆளைக் கேட்டு வாங்க முடியுமா?"

புதுப் படிவம் ஒன்றை இழுத்தேன்.
ஆசிரியர்: ?
ஆண்டு: ?
தலைப்பு என்ற இடத்தில், இந்த முறை தெரிந்ததால்,
தெளிவாகவே எழுதினேன்:
இல்லை.