ஏழாம் பக்கம்

தார்த்து நகரில், பிப்ரவரியில்,
ஹீட்டர் முனகும் சின்ன அரங்கில்
பதினோரு வருடமாக என் வேலை
எழுவது, பியானோக்காரருக்குப் பக்கம் புரட்டுவது, உட்கார்வது.
கறுப்பு உடை. மோதிரம் கூடாது. தும்மல் கூடாது.

லேலோ கஸ்க் எழுதிய ஸ்வரத்தாள்
ஒத்திகைக்கு முந்தின நாள்தான் வந்தது.
ஆரம்பத்திலேயே குறிப்பு:
"வாடகை பாக்கி வைத்தவர்போல்
ஓசைப்படாமல் நுழையவும்."
மூன்றாம் பக்கத்தில் ஐந்து கோடுகளில் ஒன்று
அலுத்துப்போய்க் கீழே இறங்கி
தாளின் ஓரமாக நடந்துபோயிருந்தது.
அதன் ஸ்வரங்களை
மற்ற நாலும் சுமந்துகொண்டிருந்தன.

ரெய்னோ கண்ணாடியைக் கழற்றினார்.
"முந்நூறு வருடச் சங்கீதத்தின்
மூக்கைத் திருகுகிறாள்."
ஆனாலும் பென்சிலால் விரல் எண்கள் போட்டார்.
திருகுவதற்கும்
எந்த விரல் என்று தெரிய வேண்டுமே.

ஏழாம் பக்கம்:
"பியானோ ஓய்வு. பன்னிரண்டு தாளக்கட்டு.
புரட்டுகிறவர் தனி.
பக்கத்தைத் திருப்பவும்.
மனம் மாறி, பழைய பக்கத்துக்கே வரவும்.
வெட்கப்பட வேண்டாம்."

கச்சேரியில் எழுந்தேன்.
திருப்பினேன்.
தாள் இவ்வளவு சத்தம் போடுமா?
முன்வரிசையில் ஒரு பேராசிரியர்
கைக்குட்டைக்குள் சிரித்தார்.
யாரோ இருமினார்கள், அதுவும் தாளத்தில்.
ரெய்னோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு
என் தலையசைப்புக்காகக்
காத்திருந்தார்,
என் தலையசைப்புக்காக.

எட்டாவது கட்டில்
எழுதியிராத ஒரு நிறுத்தம் வைத்தேன்.
பக்கம் பாதியில் நின்றது,
இந்தப் பக்கமும் இல்லாமல்
அந்தப் பக்கமும் இல்லாமல்.

கைதட்டலுக்குப் பிறகு
கோட்டு மாட்டும் இடத்தில் லேலோ வந்தாள்.
கண்டிப்பான குரலில் சொன்னாள்:
"எட்டில் ஒரு கட்டு தாமதம்.
நாளைக்குச் சரியாக எண்ணு."