சின்ன எழுத்தில் கெர்லிண்டே

இந்தக் கிழட்டு இயந்திரத்துக்கு
பொட்டலமாக எதுவும் கிடைக்கவில்லை.
மூலநிரலை இறக்கி அவிழ்த்தேன்,
போட்ராப் கழிவுநீர் நிலையத்தின் நிலவறையில்,
இரவு பத்தேகாலுக்கு.

கன்ஃபிகர் கேள்வி கேட்கத் தொடங்கியது.
கம்பைலர் இருக்கிறதா? இருக்கிறது.
பிசிஆர்இ நூலகம்?
இல்லை.
அவ்வளவுதான், கதவைச் சாத்திவிட்டது.
தேடிக் கொடுத்தேன். உடனே இன்னொன்று கேட்டது,
சம்பந்தி வீட்டார் மாதிரி.

மேக் ஓடியபோது
எச்சரிக்கைகள் திரையில் ஈசலாய்ப் பறந்தன.
ஒன்றையும் படிக்கவில்லை. நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள்.
மேலே மூன்றாம் பம்ப்
முக்கி முனகிக்கொண்டிருந்தது.

அமைப்புக் கோப்பில் சர்வர் முகவரி, போர்ட்,
பிறகு இயந்திரத்தின் பெயர்.
ஹார்ட்முட் ஓய்வுபெறுமுன் வைத்தது,
முன்னாள் மனைவியின் பெயராம்.
ஏஜென்ட் எழுந்தது.
சர்வர் சொன்னது:
அப்படி ஒருத்தி இங்கே இல்லை.

ஒன்றேகால் மணிநேரம்
ஃபயர்வால், கடிகாரம், கேபிள், என் படிப்பு
எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.
கடைசியில் பார்த்தால் முதலெழுத்து.
சின்னதில் தட்டியிருக்கிறேன்.
குறில் நெடில் தெரியும் எங்களுக்கு,
எழுத்தில் பெரிசு சிறிசு பார்த்ததில்லை.
ஜெர்மனில் மேசைக்கும் வாளிக்கும்கூட
தலையெழுத்து பெரிசு.

திருத்தினேன்.
கெர்லிண்டே உயிரோடிருப்பதாகப் பச்சை விளக்கு.
மறு நிமிடமே அவளிடமிருந்து
முதல் அபாயச் செய்தி:
டிஸ்க்கில் இடமில்லை.
யார் போட்ட குப்பை என்று தோண்டினால்
எல்லாம் நான் கம்பைல் செய்தது.

துடைத்து அழித்துவிட்டு
ஆறிய காபியோடு உட்கார்ந்திருக்கிறேன்.
மூன்றாம் பம்ப்பைப் பற்றி
இன்னும் ஒன்றும் சொல்லவில்லை அவள்.