சந்தா பாக்கி

வில்லாபுரம், மூன்றாவது குறுக்குத் தெரு.
நாற்பத்தொரு வீட்டுச் சந்தாக் கணக்கு
என் கணினியில்.

நேற்றுத் திறந்தால்
மேலே சிவப்புப் பட்டை:
உங்கள் சந்தா முடிந்தது.
படிக்கலாம். ஓர் எழுத்தும் மாற்ற முடியாது.

வருஷத்துக்கு அவன் கேட்பது
கூர்க்காவுக்கு மாசம் நாங்கள் கொடுப்பதைவிடக் கூட.
டவுன்ஹால் ரோட்டுக் கடைப் பையன்
முந்நூறு ரூபாய்க்குத் திருட்டுச் சாவி போடவா என்றான்.
பொருளாளர் நான்;
வேண்டாம் தம்பி.

ராத்திரி
இலவசமானதை இறக்கினேன்.
கட்டங்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றன,
கூட்டுத்தொகை அதேதான்.
பதினேழாம் நம்பர் சோணைமுத்து
இங்கேயும் ஐந்து மாதப் பாக்கி.

அணைக்கப் போகையில் ஒரு சின்னப் பெட்டி:
விருப்பமிருந்தால் நன்கொடை தரலாம்.

அடுத்த மாசம் பார்ப்போம் என்று
மூடினேன்,
சோணைமுத்து கதவைச் சாத்துகிற மாதிரி,
சத்தமில்லாமல்.